ஒரு கார்டுக்கு ஒரு பாஸ்

பேர் சேக்க வந்தீகளா சார், நீக்க வந்தீகளா?

சேக்கவா? பிள்ளை பேரா? பொம்பளப் பிள்ளையா! நல்லது, நல்லது. பேர் சேக்குறதுன்னா வெரசா முடிச்சு விட்டுருவாக. பிறப்புச் சான்றிதழ் கையில இருக்குல்ல? போதும். கண்ணாடிக்கு அங்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு, நல்ல பொண்ணு. எரிஞ்சு விழாது. உக்காருங்க. இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் ஃபேன் காத்து வரும். டோக்கன் என்ன நம்பரு? நாப்பத்தெட்டா? எனது நாப்பத்தேழு.

எனக்கு ஒண்ணும் பெரிய சோலி இல்ல சார். ரேஷன் கார்டுல போன் நம்பர் மாத்தணும். அஞ்சு நிமிச வேலை.

சோலையப்பன்னு பேரு. டிராஃபிக்ல எஸ்.ஐ.யா இருந்து ரிட்டயர்டு ஆனவன். இந்த ஊர் தேருக்குப் பதினேழு வருசம் ரூட் போட்டது நான்தான். கீழ ரத வீதில என்னைக்காச்சும் மாட்டிக்கிட்டு நின்னிருந்தீகன்னா என்னையத்தான் வஞ்சிருப்பீக. பரவாயில்ல. வஞ்சுக்கிட்டே போயிருப்பீகள்ல? போனீகள்ல? அதான் நமக்கு வேணும்.

சங்கரநத்தத்துல கார் ரேஸ் நடந்துச்சே மாசி மாசம், பாக்கப் போனீகளா? போகலையா. பேப்பர்லயாவது பாத்திருப்பீக. ஜெயிச்சவன் கையில கப்பத் தூக்கிக்கிட்டு நின்ன போட்டோ. முப்பத்தெட்டாயிரம் பேர் வந்தாகன்னு ஒரு வரி எழுதியிருந்தான். அந்த முப்பத்தெட்டாயிரம் பேரையும் யாரு உள்ள கொண்டாந்தது, யாரு வெளிய அனுப்புனதுன்னு ஒருத்தனும் எழுதல. நான்தான் சார் அது. கடைசிக் கார் நாலு வழிச்சாலைல ஏறும்போது மணி பாத்தேன். ரேஸ் முடிஞ்சு ஒண்ணே முக்கால் மணி நேரம். ஒரு வண்டி ஒரு வண்டியோட உரசல. ஒருத்தர் ஒருத்தரோட சண்ட போடல.

ரிட்டயர்டு ஆயி மூணு வருசமா என் வீட்டுக் கதவ கேஸ் சிலிண்டர்க்காரனத் தவிர யாரும் தட்டுனது கெடையாது. ஒரு நாள் தட்டுற சத்தம் கேட்டு சிலிண்டர்தான்னு காலி சிலிண்டர உருட்டிக்கிட்டே போய்க் கதவத் தெறந்தேன். வெளிய சின்ன வயசு எஞ்சினியர் ஒருத்தர், லேப்டாப் பையோட. அபிநவ்னு பேரு. ரேஸ் டிராக் கட்டுற கம்பெனி. "சார், திருவிழாக் கூட்டத்த உங்கள மாதிரி யாராலயும் சமாளிக்க முடியாதுன்னு டிபார்ட்மென்ட்ல சொன்னாங்க. எங்களுக்கு ஆலோசகரா வரணும்"னார். டீ போட்டேன். ரெண்டாவது டம்ளரத் தேடுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பரண்ல இருந்துச்சு.

ஏன்னா, வீட்டுல நான் ஒரு ஆள்தான். பிள்ளைகுட்டி கெடையாது. சம்சாரம் அவுக அப்பா வீட்டுல இருக்கா. சண்டையெல்லாம் இல்ல. இருக்கா, அவ்வளவுதான். அவ ஊரும் சங்கரநத்தம்தான்.

பிளானச் சொல்றேன் கேளுங்க. கண்மாய்க்குத் தெக்க சீமைக்கருவேலங் காடாக் கெடந்துச்சே முன்னூறு ஏக்கர், அங்கதான் டிராக். நாலு வழிச்சாலைல இருந்து உள்ள போறதுக்கு ஒரே ரோடு. மூணு கிலோ மீட்டரு. அதுவும் சங்கரநத்தம் ஊர் நடுவுல போகுது. அபிநவ் லேப்டாப்பத் தெறந்து கலர் கலராப் படம் காட்டுனார். அவர் கணக்குல ஒரு காருக்கு மூணு பேரு. "தம்பி, நம்ம பக்கம் ஒரு காருக்கு ஏழு பேர் வருவான். பாதிக் கூட்டம் டூவீலர்ல வரும். லோடு வண்டில தார்ப்பாய் கட்டிக்கிட்டு வருவான், அத உங்க படத்துல காணமே"ன்னேன். அந்த ஆள் சிரிக்கல. நோட்டுல எழுதிக்கிட்டார். அப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

பார்க்கிங்குக்குப் பருத்திக் காடு. நான் சொன்னேன், கரிசல் மண்ணு சார் இது, ரெண்டு தூத்தல் விழுந்தா டயரப் பிடிச்சுக்கிட்டு விடாது, சரள் அடிக்காம ஒரு வண்டியும் எறக்கக் கூடாதுன்னு. அடிச்சாக. மார்கழில வச்சிருந்த ரேஸ மாசிக்கு மாத்துங்கன்னேன். மாத்துனாக. முப்பது வருச சர்வீஸ்ல நான் சொன்னத இவ்வளவு பேர் கேட்டது அப்பத்தான்.

போறதுக்கு ஊர் ரோடு. வர்றதுக்கு கண்மாய்க்கரை ரோடு, புதுசாப் போட்டது. காலைல ஆறுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் ஒரு வழிதான். போற வண்டியும் வர்ற வண்டியும் எங்கயும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. அதான் என் பிளானு. எதிர்ல ஆள் வர்றதாலதான் சார் நெரிசலே. எதிர்ல யாரும் வரலேன்னா மனுசன் அவன் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பான்.

ஆனா நடுவுல ஊரு இருக்கே. இருநூத்திச் சொச்சம் வீடு. பாலுக்குப் போறவன், ஆஸ்பத்திரிக்குப் போறவன், அங்கன்வாடிக்குப் போறவுக, எல்லாரும் மூணு நாளைக்கு வீட்டுக்குள்ளயே கெடக்க முடியுமா? அதனால ஊர்க்காரகளுக்கு மட்டும் பாஸ். பாஸ் இருந்தா பேரிகார்டுல நிக்கிற கான்ஸ்டபிள் கயித்த எறக்கி விடுவான், ஓரமாப் போய்க்கிடலாம். பாஸ் இல்லேன்னா வண்டிய வீட்டுல போட்டுட்டு நடக்கணும்.

பாஸ எத வச்சுக் குடுக்குறது? பஞ்சாயத்து ஆபீஸ்ல கூட்டம் போட்டோம். ஆர்.சி. புக்க வச்சுக் குடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். நம்மூர்ல எந்த வண்டி யார் பேர்ல இருக்கு? மச்சான் பேர்ல இருக்கும், வித்தவன் பேர்லயே இருக்கும். ஆதார்னு ஒருத்தர் சொன்னார். திருப்பூர்ல குடியிருக்கவனுக்கும் ஆதார் சங்கரநத்தம்தான. நான் எந்திரிச்சுச் சொன்னேன், ரேஷன் கார்டு. ஒரு கார்டுன்னா ஒரு அடுப்பு. ஒரு கார்டுக்கு ஒரு பாஸ். கார்டுல தலைவரா இருக்குறவுக நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணும். எல்லாரும் சரின்னுட்டாக.

அதுல ஒரு உட்பிரிவு மட்டும் சேத்தேன். ஆளு சங்கரநத்தத்துல குடியிருந்து, பேரு வெளியூர்க் கார்டுல இருந்தா, அந்தக் கார்டுத் தலைவர் எழுதிக் குடுத்துத்தான் பாஸ் வாங்கணும்னு. அபிநவ் கேட்டார், "அப்படி எத்தன கேஸ் சார் இருக்கும்?"னு. "இருக்கும் தம்பி, ஒண்ணு ரெண்டு"ன்னேன்.

ஒண்ணுதான் இருந்துச்சு.

என் சம்சாரம் இந்திராணி. அவ பேரு என் கார்டுலதான் இருக்கு. நான் தலைவர், அவ உறுப்பினர். ஆறு வருசமா அங்க இருந்தாலும் பேர நீக்கல. நான் நீக்கல, அவளும் கேக்கல. கார்டு எங்கிட்ட இருந்துச்சு, இரும்புப் பொட்டில. ரூல் போடும்போதே எனக்குத் தெரியும்தான். அதுக்காகத்தான் ரூலப் போட்டேன்னு நெனைச்சுராதீக. ரூல் எல்லாருக்கும் பொது. அவளுக்கு அங்கன்வாடில வேலை. பக்கத்துக் காலனிக்கு ஸ்கூட்டில போகணும். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ரோட்டத் தாண்டணும். சரி, வந்து கேக்கட்டும், எழுதிக் குடுத்துருவோம்னு இருந்தேன். கேட்டா குடுக்காம இருப்பனா?

ஏன் போனாளா? அது ஒரு சின்ன விசயம் சார்.

ஆறு வருசத்துக்கு முன்னாடி நம்ம ஊர் தேரு அன்னைக்கு. அவுக அப்பாவுக்குச் சீரியஸ்னு சங்கரநத்தத்துல இருந்து போன் வந்திருக்கு. ஆட்டோவப் பிடிச்சுக் கெளம்பிட்டா. மேல ரத வீதி முக்குல நம்ம பேரிகார்டு. அங்க நின்னு எனக்குப் போன் போட்டா. "நான்தான், ஆட்டோல நிக்கேன், தெறந்து விடச் சொல்லுங்க"ன்னா. தேர் நகர ஆரம்பிச்சிருச்சு சார் அப்ப. வடம் பிடிச்சிருக்காக, பத்தாயிரம் பேரு. ஆம்புலன்ஸ்னா வழி விடலாம், ரூல்ல இருக்கு. ஆட்டோ ஆம்புலன்ஸ் இல்லையே. "பைபாஸ் சுத்திப் போ"ன்னேன். அவளுக்குத் தெறந்து விட்டா பின்னாடி நிக்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? சுத்திப் போனா. நாப்பது நிமிசம் கூட ஆச்சு. போறதுக்குள்ள அவுக அப்பா போயிட்டாரு.

சத்தம் போடல. அழுதா, எங்கிட்ட இல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்புனாக. இவ மட்டும் அடுப்படில உக்காந்து பாத்திரம் வெளக்கிக்கிட்டே இருந்தா. "வண்டி நிக்கிது, வரலையா?"ன்னேன். "நீங்க போங்க"ன்னா. நானும் வந்துட்டேன். ரெண்டு நாள்ல வருவான்னு நெனைச்சேன்.

இப்பவும் சொல்றேன், அன்னைக்கு நான் போட்ட ரூட்டு சரிதான். நீங்களே சொல்லுங்க... சரி விடுங்க, உங்களுக்கு எதுக்கு.

பாஸ் குடுக்க நாலு நாள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி டேபிள் போட்டாக. அது வி.ஏ.ஓ. வேலை. ஆலோசகர் வந்து உக்காரணும்னு ஒண்ணும் இல்ல. ஆனாலும் ஒரு பொறுப்பு இருக்குல்ல? நாலு நாளும் அயர்ன் பண்ணுன சட்டை. மொத நாள் காலைலயே பாஸ் நம்பர் ஒண்ணு, இந்திராணின்னு நானே என் கையால எழுதி, லேமினேஷன் பண்ணி சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். கூட்டத்துல அவள நிக்க வைக்க வேண்டாமேன்னுதான். வந்தா டக்குன்னு குடுத்துறலாம். "சௌக்கியமா"ன்னு கேக்கலாம். அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு மட்டும் தெரியல. நாலு நாளா யோசிச்சேன்.

ஊரே வந்துச்சு. கார்டு அடமானத்துல இருக்குன்னு ஒருத்தன் வந்தான். மருமக பேர்ல கார்டு இருக்கு, அவ வர மாட்டேங்கான்னு ஒரு மாமியார் வந்து நின்னாக. எல்லாத்தையும் முடிச்சு விட்டேன். லிஸ்ட்ல ஒவ்வொரு வீட்டுக் கதவு நம்பரா டிக் அடிச்சுக்கிட்டே வந்தேன். நாலு பை முப்பத்தேழு மட்டும் டிக் இல்லாமக் கெடந்துச்சு. அது அவுக வீடு. அந்த டேபிள்ல இருந்து பாத்தா அவுக வீட்டுக் கொடிக்கயிறு தெரியும். துணி காயிறது தெரியும்.

நாலாம் நாள் மத்தியானம் ஒத்திகை வச்சாக. தண்ணி லாரிய விட்டு கண்மாய்க்கரை தாங்குதான்னு பாக்கணும். நான் போயே ஆகணும். மூணு மணிக்கு எந்திரிச்சுப் போனேன். அஞ்சு மணிக்குத் திரும்பி வந்தா, வி.ஏ.ஓ. டேபிள மடக்கிக்கிட்டு இருந்தார். "முடிஞ்சுச்சு சார், ஒரு வீடு விடாம எல்லாரும் வாங்கிட்டாக"ன்னார். அவர் எத வச்சுச் சொன்னாருன்னு நான் கேட்டுக்கிடல. நாலு பை முப்பத்தேழு என் லிஸ்ட்ல அப்படியேதான் இருந்துச்சு. சரி, நடந்து போகலாம்னு முடிவு பண்ணிட்டா போலன்னு நெனைச்சேன். வீம்புக்காரி. மூணு கிலோ மீட்டர் வெயில்ல நடப்பாளே தவிர எங்கிட்ட கேக்க மாட்டான்னு கோவம்கூட வந்துச்சு.

வெள்ளிக்கிழமை காலைல எட்டே கால் மணி. கன்ட்ரோல் ரூம்ல இருக்கேன். இருபத்தாறு டி.வி. எல்லா முக்கும் தெரியுது. வண்டி வர ஆரம்பிச்சிருச்சு. பச்சைப் பார்க்கிங் பாஸ் பச்சைக் கொடி நட்ட காட்டுக்கு, மஞ்சப் பாஸ் மஞ்சக் கொடிக் காட்டுக்கு, நான் நெனைச்ச மாதிரியே போய்க்கிட்டு இருக்கு. அபிநவ் என் தோளத் தட்டுறார். அப்ப ஒம்போதாம் நம்பர் கேமராவுல, சங்கரநத்தம் பஸ் ஸ்டாப் பேரிகார்டுல, நீலக் கலர் ஸ்கூட்டி ஒண்ணு வருது. ஹெல்மெட் போட்டிருக்கு, மொகம் தெரியல. ஆனா ஸ்கூட்டி நிக்கிறதுக்கு முன்னாடியே எடது கால் ரோட்டுக்கு வந்துருச்சு. அவதான். அப்படிக் கால எறக்காதேன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன் நான்.

பையில இருந்த பாஸ எடுத்து டேபிள் மேல வச்சேன். எனக்குத் தெரியும் அடுத்து என்ன நடக்கும்னு. கான்ஸ்டபிள் நிறுத்துவான். பாஸ் இல்லம்பா. அவன் மைக்ல எங்கிட்ட கேப்பான். "விடுப்பா, என் பொறுப்பு"ன்னு நான் சொல்லணும். சொல்றதுக்கு வாயத் தயாரா வச்சிருந்தேன் சார். ஆறு வருசத்துக்கு முன்னாடி சொல்லாதத இப்பச் சொல்லிறலாம்னு.

கான்ஸ்டபிள் பாத்தான். தலைய ஆட்டுனான். கயித்த எறக்கப் போனான்.

எனக்கு என்ன தோணுச்சுன்னு கேக்குறீகளா? போலிப் பாஸுன்னுதான் தோணுச்சு. போலீஸ் புத்தி. மைக்க எடுத்தேன். "பாயிண்ட் ஒம்போது, அந்த நீல ஸ்கூட்டிய நிறுத்துங்க. பாஸ் நம்பரு?"

"இருநூத்திப் பதிமூணு சார். வி.ஏ.ஓ. கையெழுத்து இருக்கு சார்."

"கார்டு இருக்கான்னு கேளுங்க. கார்டு யார் பேர்ல இருக்கு?"

அவ பையத் தெறந்து கார்ட எடுத்துக் குடுக்கிறது டி.வி.ல தெரியுது. புதுக் கார்டு, வெயில்ல மின்னுது. கான்ஸ்டபிள் மைக்ல வாசிக்கிறான், ரூம்ல இருந்த பன்னெண்டு பேருக்கும் கேக்குது. "குடும்பத் தலைவர் இந்திராணி சார். தகப்பனார் பேரு அழகிரின்னு போட்டிருக்கு சார். உறுப்பினர் வேற யாரும் இல்ல சார், ஒரு ஆள்தான்."

"திருப்பி வாசி"ன்னேன்.

திருப்பி வாசிச்சான். அதே பேரு. அதே அழகிரி.

 நான் மைக்க அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். அவ ஸ்கூட்டில உக்காந்திருக்கா, எடது கால் ரோட்டுல. அவளுக்குப் பின்னாடி ஒம்போது வண்டி சேந்துருச்சு. ஒருத்தன் ஹாரன் அடிக்கான். அபிநவ் "சார், பாயிண்ட் ஒம்போதுல நிக்கிது"ங்கிறார். நாலு நிமிசம். மூணு நாள்ல நம்ம பிளான்ல விழுந்த ஒரே நெரிசல் அதான் சார். ரிப்போர்ட்ல அத நான் எழுதல.

"விடுங்க, சரியான பாஸ்தான்"னேன்.

கயித்த எறக்குனான். போயிட்டா. கேமரா இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. மைக்ல கேட்டது என் கொரல்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கும். எனக்கு அழுகை வந்துருச்சு. தூசின்னு சொல்லி மொகத்தக் கழுவிட்டு வந்து உக்காந்தேன். வேலை கெடக்கே.

அப்பறம் வி.ஏ.ஓ.ட்ட கேட்டேன். கார்த்திகை மாசம் நாங்க இந்தப் பாஸ் ரூல பஞ்சாயத்து போர்டுல நோட்டீஸா ஒட்டுன மறுவாரமே போய் எழுதிக் குடுத்திருக்கா. என் கார்டுல இருந்து பேர நீக்கி, புதுசா தனிக் கார்டு. ரேஸுக்குப் பத்து நாள் முன்னாடிதான் கார்டு கைக்கு வந்துச்சாம். பாஸ் வாங்க வந்த நேரம் கேட்டேன். மூணே கால். நான் எந்திரிச்சுப் போன கால் மணி நேரத்துல. கொடிக்கயிறு எனக்குத் தெரிஞ்சா, டேபிள் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இதுல நான் பண்ணுன கூத்து ஒண்ணு இருக்கு. தை மாசம் ரேஷன் கடைல சீனி அரைக் கிலோதான் போட்டான் மாரிக்கனி. எப்பவும் ஒரு கிலோ, ரெண்டு ஆள் கார்டு. "சீனில கை வைக்கிறியா"ன்னு கடை முன்னாடி நின்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "அய்யா, மெஷின் அப்படித்தான்யா காட்டுது"ன்னான். "மெஷின் மேல பழியப் போடாத"ன்னேன். பாவம் மாரிக்கனி. என் கார்டுல நான் ஒரு ஆள்தான்னு அந்த மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

இந்தா, திங்கக்கிழமை மொத மொத இங்க வந்தேன். கார்டுக்கு போன் நம்பர் இல்ல, அத சரி பண்ணுனாத்தான் சாமான்னு மாரிக்கனி சொல்லி விட்டான். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "அய்யா, உங்க கார்டுல இத்தன நாள் இருந்த நம்பர் இப்ப வேற கார்டுக்குப் போயிருச்சு. ஒரு நம்பர ஒரு கார்டுலதான் போட முடியும். உங்க நம்பரச் சொல்லுங்க"ன்னுச்சு. எந்த நம்பரும்மா இருந்துச்சுன்னேன். வாசிச்சுச்சு. இந்திராணி நம்பரு.

ஸ்மார்ட் கார்டு வந்த வருசம், வரிசைல நின்னு பதிஞ்சது அவதான். நான் எங்கயோ பந்தோபஸ்துல இருந்திருப்பேன். நம்பர் கேட்டிருக்காக, அவ நம்பரக் குடுத்திருக்கா. கார்டு எங்கிட்ட இருக்கு, கார்டு எங்கிட்ட இருக்குன்னு பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தேன் நான். பேர நீக்கணும்னா போன்ல வர்ற ஓ.டி.பி. நம்பர் போதும். கார்டே வேண்டியதில்ல.

அதுகூடப் பெருசில்ல சார். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "நீங்க சாமான் வாங்குற ஒவ்வொரு தடவையும் மெசேஜ் வருமேய்யா, உங்களுக்கு வந்ததே இல்லையா?"ன்னு. வந்ததில்லையேம்மான்னேன். "அப்ப அந்த நம்பருக்குத்தான் போயிருக்கும்"னுச்சு.

ஆறு வருசம். மாசா மாசம் அஞ்சாம் தேதி நான் போய் சீனியும் பருப்பும் வாங்குவேன். வாங்குன நிமிசம் சங்கரநத்தத்துல அவ போன் சத்தம் போட்டிருக்கு. இன்ன தேதி, இத்தன மணி, சீனி ஒரு கிலோ. நான் எந்திரிச்சு நடமாடுறேன், கடைக்குப் போறேன், டீ போட்டுக் குடிக்கேன்னு மாசம் ஒரு தடவ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் அவளப் பத்தி ஒண்ணும் தெரியல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி என் வீட்டு வாசல்லயே ஒரு பயல் பைக்க விட்டு என் கால ஒடிச்சான். ராங் சைடுல வந்தான் சார், வேற யாரு. ரெண்டரை மாசம் படுக்கை. பக்கத்து மெஸ்ஸுல சாப்பாடு, ரேஷன் பக்கமே போகல. எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சு கடைக்குப் போனப்ப மாரிக்கனி சொன்னான். "அய்யா, ஒரு அம்மா ரெண்டு தடவ போன் போட்டு விசாரிச்சாக, இந்தக் கார்டுக்கு ஏன் சாமான் வாங்கலைன்னு. காலு ஒடிஞ்சு கெடக்காரு, உசுருக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்"ன்னான். நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? சப்ளை ஆபீஸ்ல இருந்து போலிக் கார்டு செக்கிங் பண்ணுறாகன்னு நெனைச்சேன். பரவாயில்லையே, ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பாக்குறாகளேன்னு பாராட்டுனேன் சார் நான். முப்பது வருசம் வண்டி நம்பரப் பாத்தே ஆள் யாருன்னு சொல்லுவேன்.

ஆறு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. எங்கிட்ட கேக்கல, மாரிக்கனிட்ட கேட்டிருக்கா. நான்தான் ரூல் போட்டு, உட்பிரிவு போட்டு, டேபிள் போட்டு, வந்து எங்கிட்ட கேளுன்னு உக்காந்துட்டேன். இருந்த ஒரு வழியையும் அடைச்சது நான்தான சார்?

திங்கக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். "அம்மா, அந்த நம்பரே இருக்கட்டுமே, ரெண்டு கார்டுலயும் போட முடியாதா?"ன்னு. முடியாதாம். "உங்ககிட்ட போன் இருக்குல்லய்யா, அந்த நம்பரக் குடுத்தா அஞ்சு நிமிச வேலை"ன்னுச்சு. நாளைக்கு வாரேம்மான்னு வந்துட்டேன். நேத்து வந்தேன். டோக்கன் வாங்குனேன். உக்காந்திருந்தேன். ஒரு வயசான அம்மா நிக்க முடியாம நின்னாக, அவுகள முன்னாடி விட்டேன். அப்பறம் ஒருத்தர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னார். நமக்கென்ன அவசரம். அஞ்சு மணிக்கு ஆபீஸப் பூட்டிட்டாக.

இப்ப குடுக்க வேண்டியதுதான. பத்து நம்பர், வாயில இருக்கு. குடுத்தா என்ன ஆகும்? அடுத்த அஞ்சாம் தேதி மாரிக்கனி அரைக் கிலோ சீனி நிறுப்பான். கடை வாசல்லயே என் சட்டைப் பையில போன் சத்தம் போடும். நான் சீனி வாங்கிட்டேன்னு எனக்கே மெசேஜ் வரும்.

பாஸா? இந்தா இருக்கு, பாருங்க. நம்பர் ஒண்ணு. தூக்கிப் போட மனசு வரல.

இருங்க, கூப்புடுதாக. நாப்பத்தேழா? ஆமா, அது நான்தான். நீங்க எந்திரிங்க சார். நீங்க போங்க. அட, சும்மா போங்க, அந்தப் பொண்ணுட்ட நான் சொல்லிக்கிடுறேன். பிள்ளை பேரச் சேத்துட்டு வெரசா வீட்டுக்குப் போங்க, தேடிக்கிட்டு இருப்பாக. கீழ எறங்குனதும் எடது பக்கம் திரும்பாதீக, அங்க ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான். வலது பக்கம் போங்க, எதிர்ல ஒரு வண்டியும் வராது.

நான் அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்.